மணிக்கூண்டு வைத்த சனிக்கிழமை

லிஃப்ட் பழுது பார்ப்பவரின் முகத்தை யாரும் ஆசையாகப் பார்ப்பதில்லை. வந்தாரா, கதவைத் திறந்தாரா, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தாரா, போனாரா, அவ்வளவுதான். அதே ஆளை மறுபடி பார்க்க நேர்ந்தால் முதல் தடவை செய்த வேலை உருப்படியில்லை என்று பொருள். போனவர் திரும்பி வராமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் நல்ல பேர். நம்முடைய ஆளுக்கு அந்த நல்ல பேர் வேண்டிய மட்டும் இருந்தது. சக மெக்கானிக்குகள் அவருக்கு ‘மேலகீழ’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஆள் எங்கே என்று கேட்டால் மேலே இருப்பார், இல்லாவிட்டால் கீழே இருப்பார். வீட்டில் மட்டும் இருக்க மாட்டார்.

அந்த வீட்டில் இல்லாத குறைதான் கடைசியில் குடும்பத்தையே பிரித்தது. முன்பின் தெரியாத யாரோ இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டால், தட்டில் சோற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார். மனைவி காய்ச்சலில் படுத்துக்கொண்டு போன் செய்தால் ‘இதோ வந்துட்டேன்’ என்பார். அந்த ‘இதோ’ மறுநாள் வரை நீளும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஊசிக்குப் பயந்தவர்களைச் சமாதானப்படுத்திப் பழகியவள் என்பதால் பொறுமை கொஞ்சம் அதிகம். அந்தப் பொறுமையும் ஒரு நாள் தீர்ந்துபோய், மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குடி இல்லை, அடி உதை இல்லை. “நல்ல மனுஷன்தான். ஆனா மனுஷன் வீட்டுலயே இல்லையே” என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னபோது, அவருடைய வக்கீலே தலையை ஆட்டிவிட்டார்.

மகள் அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் நீதிமன்றத்து விளையாட்டு அறையில் வந்து பார்க்கட்டும் என்று நீதிபதி அம்மா சொன்னார். அன்றிலிருந்து அவர் சனிக்கிழமைகளில் போனை அணைத்துவிடுவார். ஊரே லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறினாலும் சரி. இந்தப் புத்தி முன்பே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டால், வந்திருக்கலாம், வரவில்லை.

நீதிமன்றம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சிவப்புச் செங்கல், வெள்ளைத் தூண்கள், வளைவு வளைவாக நீண்டு போகும் தாழ்வாரம், ஆள் உயரத்துக்கு மேல் மரப்பலகை அடுக்கிய ஜன்னல்கள். முகப்பில் ஏதோ முத்திரை இருந்து பெயர்த்தெடுத்த வடு. உச்சியில் ஒரு மணிக்கூண்டு. அதிலுள்ள கடிகாரம் எந்தக் காலத்திலோ நாலே காலுக்கு நின்றுபோய், யாரும் சட்டை செய்யாமல் அப்படியே இருந்தது. கீழ்த்தளத்தில், பழைய வழக்குக் கட்டுகள் கிடந்த ஒரு அறையை ஒழித்து, சுவரில் முயல் படம் வரைந்து, அதற்கு விளையாட்டு அறை என்று பெயர் வைத்திருந்தார்கள். சக்கரம் போன ஒரு வண்டி, ஒற்றைக் கண் கரடி, ஒரு பெரிய அட்டைப் பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் தலைக் குமிழ் இன்னொன்றின் வயிற்றில் பொருந்துமே, அந்தப் பொம்மைச் செங்கல்.

அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் இருந்தாள். எல்லாரும் அவளை ரூம் அக்கா என்றார்கள். வாய் கொஞ்சம் நீளம். எந்தப் பிள்ளை எந்த அப்பாவிடம் என்ன பேசியது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. அவ்வளவு நீளமான வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதல் சில வாரங்கள் நரகம். ஒன்பது வயது மகள் அவர் எதிரே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்றால் “நல்லாருக்கு.” சாப்பிட்டியா என்றால் “ம்.” முன்பெல்லாம் ‘நீ வா, நீ போ’ என்று அவர் தோளில் தொங்கியவள், இப்போது “உங்களுக்கு வேலை இல்லையா?” என்றாள். மரியாதை கூடினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று சொல்கிறவர்கள், ஒரு நாள் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு சனிக்கிழமை அவளாகவே பெட்டியைக் கவிழ்த்தாள். “கட்டலாமா?” என்றாள்.

“என்ன கட்டலாம்? வீடா?”

அவள் யோசித்தாள். வீடு என்ற பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை போலும். “இது,” என்று கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காட்டினாள். “இந்தக் கோர்ட்டு.”

அப்படித் தொடங்கியது. அவருக்கு வேலை என்று ஒன்று கிடைத்தால் போதும், உயிர் வந்துவிடும். மூட்டின் மேல் மூட்டு வராமல் கட்டைகளை மாற்றி மாற்றி வைத்தால்தான் சுவர் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தார். வளைவுக்குத் தனிக் கட்டை இல்லாததால், இரண்டு பக்கமிருந்தும் வரிசைக்கு ஒரு குமிழ் முன்னே தள்ளித் தள்ளி, நடுவில் சேர்த்தார்கள். வெள்ளைக் கட்டை போதாமல் தூண்கள் பாதி மஞ்சளாக நின்றன. நேரம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது அறையின் சட்டம். ரூம் அக்கா அந்தச் சட்டத்தைப் பார்த்தும் பார்க்காதது போல, கட்டடத்தைப் பலகையோடு தூக்கி பீரோ மேல் வைத்துவிடுவாள்.

ஆனால் கட்டடம் ஏறவே மாட்டேன் என்றது. இந்த வாரம் கட்டியதில் அடுத்த வாரம் மகள் ஒரு குறை கண்டுபிடிப்பாள். வெளியே போய், தெருவில் நின்று நிஜக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். “ஜன்னல் இவ்ளோ பக்கத்துல இல்ல.” பிரித்தார்கள். “தூண் குண்டா இருக்கு.” பிரித்தார்கள். “படிக்கட்டு இன்னும் அகலம். வக்கீலுங்க எல்லாம் எங்க உக்காருவாங்க?” அதையும் பிரித்தார்கள். மாதக்கணக்கில் ஒரு மாடியைத் தாண்டவில்லை. அந்தக் குறைகளைத் தவிர அவரிடம் அவள் வேறு எதுவும் பேசுவதில்லை.

இது என்ன என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் நினைத்தார். தொழிலில் பார்த்ததுதான். ஒருவருக்கு மெக்கானிக் மேல் நம்பிக்கை போய்விட்டால், கதவு சத்தம் போடுகிறது, விளக்கு மங்கலாக இருக்கிறது, நிற்கும்போது குலுங்குகிறது என்று புகார் மேல் புகாராக வரும். உண்மையில் அவர்களுக்கு லிஃப்ட் மேல் கோபம் இல்லை, ஆள் மேல்தான் கோபம். அந்தக் கோபத்துக்கு மருந்து ஒன்றே ஒன்று: ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வேலையை முடித்துக் கொடுப்பது. அவள் தன்னை வெறுக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எந்த வேலை செய்து கொண்டிருந்தாலும், தரையில் கிடக்கும் கட்டைகளும் அவள் சுளித்த முகமும் கண் முன்னே வந்து நின்றன.

அந்தச் சமயத்தில்தான் வழக்கு மறுபடி வந்தது. மனைவி சண்டை போடவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னாள். “பிள்ளை வாயைத் திறந்து அங்க போகணும்னு ஒரு நாள் சொன்னதில்லைங்க. என்னமோ கட்டடமாம், அது முடியற வரைக்கும் போறாளாம். அவளுக்கே இஷ்டம் இல்லாதப்ப நான் ஏன் வாராவாரம் இழுத்துக்கிட்டு அலையணும்?” நீதிபதி அம்மா குறித்துக்கொண்டார். அடுத்த தடவை குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன், அவள் வேண்டாம் என்றால் இந்தச் சனிக்கிழமை ஏற்பாட்டை நிறுத்திவிடலாம் என்றார். இவருக்கு மனைவி சொன்னதில் ‘இஷ்டம் இல்லாதப்ப’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மற்றது எல்லாம் காற்றோடு போயிற்று.

நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் மகளின் முகம் மலரும், மலர்ந்த முகத்தோடு நீதிபதி முன்னால் போய் நிற்பாள். இதுதான் அவர் போட்ட கணக்கு. கடைக்குப் போய்ப் புதிதாகக் கட்டைகள் வாங்கினார். மதிய இடைவேளைகளில் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் உட்கார்ந்து, பக்கத்திலேயே லிஃப்டின் கம்பி வடம் ஓட, மேல்மாடியையும் மணிக்கூண்டையும் கட்டினார். நாலு பக்கமும் வளைவு, மேலே கூம்பு, முன்னால் வட்ட வில்லை ஒன்றில் பேனாவால் முள் வரைந்த கடிகாரம். நிஜக் கடிகாரத்தைப் போலவே நாலே கால்.

“என்ன மேலகீழ, சொந்தமா கோர்ட்டு கட்டி உன் கேஸை நீயே விசாரிக்கப் போறியா?” என்று கூட்டாளி கேட்டான்.

“வாயை மூடிக்கிட்டு அந்த வெள்ளைக் கட்டையை எடு,” என்றார். சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. அவர் நேரத்துக்கு முன்பே போய், தூண்களின் மஞ்சளை எல்லாம் பிடுங்கி வெள்ளையாக்கினார். வெளியிலேயே கட்டிக்கொண்டு வந்த மேல்மாடியை அப்படியே தூக்கி உட்கார வைத்தார். மகள் வாசலில் வந்து நின்றபோது, மணிக்கூண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“பாத்தியா? இதை மட்டும் நீ வை.”

அவள் அசையவில்லை. அவரே அதை உச்சியில் வைத்து அழுத்தினார். டிக் என்று பொருந்தியது.

“முடிஞ்சிடுச்சா?” என்றாள் மகள்.

“முடிஞ்சிடுச்சு! இப்ப ஒரு குறை சொல்லு பாக்கலாம்!”

அவள் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து ஜன்னல்களைப் பார்த்தாள். வெளியே ஓடிப்போய் நிஜக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். படிக்கட்டு அகலமாக இருந்தது. தூண் ஒல்லியாக இருந்தது. கடிகாரம் நாலே காலில் இருந்தது. அவள் உதடு ஒரு மாதிரியாகக் கோணியது. பிறகு ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், அம்மா வரும் வரை திரும்பவே இல்லை.

மனைவி அழைத்துப் போக வந்தபோது, இந்த மடையர் வேறு பெருமையாக, “முடிஞ்சிடுச்சு, பாத்தியா?” என்று பீரோ மேலே காட்டினார். அவள் பார்த்தாள். “நல்லாருக்கு,” என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மகள் அவருக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வாரம் அவர் சாப்பிட்டதும் தெரியாது, தூங்கியதும் தெரியாது. இவ்வளவு செய்தும் பிள்ளை மனம் இரங்கவில்லை என்றால், தான் பிரிந்து கிடக்க வேண்டியவன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அழுகை வந்தபோது, லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று அழுதார். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள்.

விசாரணை நாளன்று தாழ்வாரத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். பணியாள் வந்து மகளை மட்டும் நீதிபதி அறைக்குள் அழைத்துப் போனான். கதவு மூடிற்று. மனைவி பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். இவருக்கு அங்கே நிற்க முடியவில்லை. கால் தானாக விளையாட்டு அறைக்குப் போயிற்று. வேலை நாளில் அது காலியாக இருந்தது. ரூம் அக்கா மட்டும் கரடிக்கு இன்னொரு கண் தைத்துக்கொண்டிருந்தாள்.

பீரோ மேலிருந்த கட்டடத்தைப் பார்த்து, “இதுக்காகவா இவ்ளோ பாடுபட்டேன்,” என்றார்.

ரூம் அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். உத்தரவாவது ஒன்றாவது என்று நினைத்துவிட்டாள் போல.

“உங்களை யாரு முடிக்கச் சொன்னா?”

“என்னது?”

“அந்தப் பொண்ணு வாராவாரம் வெளியில போய் நின்னு பாத்துட்டு வருமே, எதுக்குன்னு நெனச்சீங்க? எந்த இடத்தைப் பிரிக்கலாம்னு பாக்கத்தான். கட்டடம் முடியற வரைக்கும் போயிட்டு வரேன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கு. அப்பாவைப் பாக்கணும்னு சொன்னா அம்மா மனசு நோகும்னு பயம் அதுக்கு. எங்கிட்ட சொல்லிச்சு. ‘சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாது அக்கா, நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு. நானும் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க என்னடான்னா வெளியிலேயே மணிக்கூண்டைக் கட்டித் தூக்கிக்கிட்டு வரீங்க!”

அவருக்குக் காது அடைத்துப்போயிற்று. ‘அது முடியற வரைக்கும் போறாளாம்’ என்று மனைவி சொன்னது இப்போதுதான் உள்ளே இறங்கியது. தூண் குண்டு, ஜன்னல் நெருக்கம், படிக்கட்டு குறுகல். ஒவ்வொன்றும் மகள் அவருக்காகப் பிடுங்கி வைத்த இன்னொரு சனிக்கிழமை. அத்தனையையும் ஒரே அழுத்தில் முடித்து வைத்தவர் அவர்தான். டிக் என்று கேட்டதே, அது.

பீரோவின் மேலிருந்து பலகையோடு இறக்கித் தரையில் வைத்தார். மணிக்கூண்டைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. அவ்வளவு பக்காவாகச் செய்திருந்தார். இரண்டு கையாலும் முறுக்கினார். கூம்பு உடைந்து பறந்தது. மேல்மாடியைப் பெயர்த்தார். தூண்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. “அய்யோ, என்ன செய்யறீங்க! ஆளைக் கூப்பிடவா?” என்று ரூம் அக்கா கத்தினாள். இப்போது உடைத்து என்ன பயன், கட்டடம் முடிந்துவிட்டது என்று மகள் உள்ளே சொல்லியே முடித்திருப்பாள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை.

கதவு திறந்தது. வந்தது காவல்காரன் இல்லை. நீதிபதி அம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள். பின்னால் மனைவி.

மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. திருட்டு பிடிபடப் போகிற முகம் அது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னும் முடியலைன்னு சொன்னா உங்க பொண்ணு,” என்றார் நீதிபதி அம்மா. “எது முடியலைன்னு கேட்டேன். உங்க கோர்ட்டுதான்னு சொன்னா. சரி, என் கோர்ட்டை நானும் ஒரு தடவை பாத்துடலாமேன்னு வந்தேன்.”

“முடியலையா?” என்றாள் மனைவி. “போன சனிக்கிழமையே முடிஞ்சிடுச்சுன்னு இவரே எங்கிட்ட காட்டினாரே. நானே பாத்தேனே.”

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள். தரை முழுக்கக் கட்டைகள் இறைந்து கிடந்தன. நடுவில் அப்பா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு தூணோடு. அவள் இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

நீதிபதி அம்மா தரையைப் பார்த்தார், மண்டியிட்டிருந்தவரின் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். “என் கோர்ட்டை இடிச்சது நீங்கதானா?”

“ஆமாங்கம்மா. அஸ்திவாரம் சரியில்ல.”

“மறுபடி கட்ட எவ்வளவு நாளாகும்?”

வாழ்நாள் முழுக்க ‘சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தரேன்’ என்று சொல்லியே பேர் வாங்கிய மனுஷர் கையிலிருந்த தூணைக் கீழே வைத்தார். “சொல்ல முடியாதுங்கம்மா. பழைய காலத்துக் கட்டடம். இழுக்கும்.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததில் அவளுக்கு வலித்ததும் தெரிந்தது. “ஸ்வெட்டர் போட்டுக்கடி, இந்த ரூம் எப்பவும் குளிரும்,” என்றாள் மகளிடம், “சனிக்கிழமை மறக்காம எடுத்துக்கிட்டு வரணும்.”

“அப்ப கட்டட்டும்,” என்று சொல்லிவிட்டு நீதிபதி அம்மா அடுத்த வழக்கைக் கவனிக்கப் போனார்.

மகள் குனிந்து கட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். அவரும் பொறுக்கினார். கண்ணீர் வழிந்து பார்வை மறைத்ததால், கட்டைக்குப் பதில், தைக்காமல் கிடந்த கரடியின் கண்ணைப் பெட்டியில் போட்டு ரூம் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தரை சுத்தமானதும் மகள் அவர் பக்கத்தில் வந்தாள். கையில் அந்த வட்ட வில்லை, நாலே கால் காட்டும் கடிகாரம். அம்மா வாசல் பக்கம் திரும்பியிருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, அதை அவர் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

“இது உங்கிட்டயே இருக்கட்டும்ப்பா,” என்றாள் மெதுவாக. “நீ ஒவ்வொரு வாரமும் இதை மறந்துட்டு வந்துடு.”